மூக்கு நகர்ந்த பன்னிரண்டு சிங்கங்கள்

முதலாளி மேஜையின்மேல் பன்னிரண்டு சிங்கங்களை வரிசையாகப் பரப்பினார்.

"பாருங்க."

துப்பறிவாளர் குனிந்து பார்த்தார். பள்ளிக்கூடச் சட்டைப் பையில் வைத்துத் தைக்கிற வட்ட வில்லைகள். நீலத் துணி, மஞ்சள் நூலில் எம்பிராய்டரி போட்ட சிங்கம். பிடரி ஒழுங்காக இருந்தது. வால் ஒழுங்காக இருந்தது. மூக்கு மட்டும் முகத்தை விட்டு நகர்ந்து காதுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தது. பன்னிரண்டுக்கும் அதே இடம்.

"பலமா தும்மியிருக்கும்," என்றாள் மச்சினி.

முதலாளி சிரிக்கவில்லை. துப்பறிவாளரும் சிரிக்கவில்லை. ஆனால் அவர் சிரிக்காததற்குக் காரணம் வேறு. அதைத் தான் சொல்லியிருக்கலாமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

அவரை எல்லோரும் முக்கால் என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் தொடங்கிய புதிதில், காணாமல்போன நான்கு சைக்கிள்களில் மூன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். நான்காவது அவருடையது. அது இன்றுவரை கிடைக்கவில்லை. மச்சினி அவர் மனைவியின் தங்கை. நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்த்தவள், 'ரெண்டு வாரம் ஒத்தாசைக்கு' என்று வந்து ஆறு வருடம் ஆகிறது. அலுவலகச் சாவி அவளிடம்தான் இருக்கிறது. காலையில் முக்கால் வாசலில் நின்று அவளுக்காகக் காத்திருப்பார்.

"ஒரே மெஷின், பன்னிரண்டு ஊசித் தலை," என்றார் முதலாளி. "பன்னிரண்டும் ஒரே நேரத்துல ஒரே படத்தைத் தைக்கும். பாதியில மெஷின் செத்துப் போகுது. திரும்ப உயிர் வந்தா எங்க விட்டோம்னு அதுக்கே தெரியறதில்ல. மூக்கைக் கொண்டுபோய்க் காதுல வைக்குது. மூணு வாரமா இதே கூத்து. நாளைக்குக் காலையில பள்ளிக்கூடத்துக்கு ஆயிரத்து இருநூறு சிங்கம் போயாகணும்."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமா? ஆளே தெரியும். சூப்பர்வைசர் அம்மா. மூணு வாரத்துக்கு முன்னாடி நாலு நாள் லீவு கேட்டாங்க. ரெண்டு நாள்தான் குடுத்தேன். அதுக்கு மறுநாள்லேருந்து ஆரம்பம்." சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றைப் பாதி உருவிக் காட்டிவிட்டு உள்ளே தள்ளினார். "வேலையிலிருந்து நிறுத்தற கடிதம். டைப் அடிச்சாச்சு. நான் வெளிய போயிட்டு நாலு மணிக்கு வருவேன். அதுக்குள்ள நீங்க ஆதாரத்தை எழுத்துல குடுத்தா, கையெழுத்துப் போட்டுக் கையில குடுத்துடுவேன்."

"மெஷின்ல கோளாறு இருக்கலாமே?"

"மெக்கானிக் ரெண்டு தடவை பைக்ல வந்து பாத்துட்டுப் போனான். எலக்ட்ரீஷியன் ஸ்கூட்டர்ல வந்து வோல்டேஜ் பாத்தான். எல்லாம் சரியா இருக்காம். அவங்க இருந்த வரைக்கும் மெஷின் நிக்கவே இல்ல. ஆனா நான் எப்ப வந்தாலும் நின்னு கிடக்குது. அவங்க கை ஸ்விட்ச் மேல! கையும் களவுமா பிடிக்கணும்னு இப்பல்லாம் ஒருநாளைக்கு நாலு தடவை வர்றேன். நாலு தடவையும் நின்னு கிடக்குது!"

முக்கால் இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதியதில் வழக்கு முழுவதும் இருந்தது. அது அவருக்குத் தெரிய இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும்.

முதலாளி போனதும் இருவரும் கேமராப் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். நீளமான தையல் கூடம். ஒரு கோடியில் எம்பிராய்டரி மெஷின், மறுகோடியில் சூப்பர்வைசர் அம்மா துணியைச் சரிபார்க்கும் மேஜை. அந்தம்மா துணியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். சட்டென்று தலையைத் தூக்குகிறார். எழுகிறார். மெஷினை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போகிறார். ஸ்விட்சில் கை வைக்கிறார். மெஷின் நிற்கிறது. சற்று நேரத்தில் லிஃப்ட் கதவு திறந்து முதலாளி வருகிறார். அடுத்த நாள் பதிவிலும் அதேதான். அதற்கடுத்த நாளும் அதேதான்.

"முடிஞ்சுது," என்றார் முக்கால். "மெஷின் நிக்கறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டாங்க. நிறுத்தப்போறவங்களுக்குத்தான் அது முன்னாடி தெரியும். தலையைத் தூக்கிக் கேமரா எங்க இருக்குன்னு வேற பாக்கறாங்க. குற்ற உணர்ச்சி."

"கேமரா அவங்களுக்குப் பின்னாடி இருக்கு அத்தான்."

"அப்ப... கடவுளை நினைச்சிருப்பாங்க."

"தினம் நாலு தடவை, முதலாளி வர்ற நேரமா பாத்தா? அவ்வளவு பக்தியா?"

நேரில் கேட்டுவிடுவது என்று முடிவானது.

சூப்பர்வைசர் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மூக்குக்கண்ணாடியைத் தையல் நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். முக்கால் எதிரே வந்து நின்றபோதும் கை துணியை விடவில்லை.

"மெஷினை நீங்கதான் நிறுத்தறீங்களா?"

"ஆமா."

இருபது வருடத் தொழிலில் முதல் கேள்விக்கே ஒப்புதல் வாக்குமூலம் வாங்கியது இதுதான் முதல் தடவை. பரவசத்தில் முக்காலின் பென்சில் முனை உடைந்தது.

"ஏன் நிறுத்தறீங்க?"

"நான் போய் நிறுத்தினா விட்ட இடத்துலேருந்து தைக்கும், சிங்கம் பிழைக்கும். நான் போறதுக்குள்ள அதுவா செத்துட்டா பன்னிரண்டும் குப்பைக்கு. கூடம் நீளம். எனக்கு முழங்கால் வலி. பாதி தடவை நான் ஜெயிப்பேன், பாதி தடவை அது ஜெயிக்கும்."

"அது சாகப்போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தலைக்கு மேல டியூப் லைட் கண்ணடிக்கும். கண்ணடிச்சுப் பத்துப் பன்னிரண்டு எண்ணறதுக்குள்ள மெஷின் போயிடும்."

மச்சினி முக்காலைப் பார்த்தாள். கடவுளும் கேமராவும் ஒரு டியூப் லைட்டாகச் சுருங்கிப்போனதில் அவர் முகமும் சுருங்கியிருந்தது.

"முதலாளிகிட்ட இதைச் சொல்லலாமே அக்கா?" என்றாள் மச்சினி.

"சொன்னேனே. 'நீங்க வந்தாதான் சார் நிக்குது'ன்னு சொன்னேன். 'என் கால் ராசி சரியில்லங்கறியா'ன்னு கூடமே அதிரக் கத்தினாரு. அதுக்கப்புறம் எனக்கு எதுக்கு வாய்? வேற இடத்துல போய்ச் சேர்ந்துக்கலாம். ஆனா மெஷினை உடைச்சவள்னு கடிதம் டைப் அடிச்சு வச்சிருக்காராம். அதோட அனுப்பினா எந்த இடத்துல சேர்ப்பாங்க?"

சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தார்.

முக்கால் நோட்டைப் புரட்டினார். 'நான் எப்ப வந்தாலும் நின்னு கிடக்குது.' அவருக்குள் ஒரு டியூப் லைட் இரண்டு மூன்று முறை துடித்து, பிறகு எரிந்தது.

"லிஃப்ட்!" என்று கூவினார். "இங்க எல்லாரும் படியில ஏறி வர்றாங்க. முதலாளி மட்டும் லிஃப்ட்ல வர்றாரு. லிஃப்ட் மோட்டார் கிளம்பும்போது கரண்டை வாரி இழுக்கும். ஒரு நொடி வோல்டேஜ் விழும். லைட் கண்ணடிக்கும், மெஷின் மயங்கும். மச்சினி, நீ இங்கயே இருந்து மெஷினைப் பாரு. நான் நிரூபிக்கறேன்."

மூன்று மாடி இறங்கினார். லிஃப்டில் ஏறினார். மேலே வந்து கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கீழே போனார், மேலே வந்தார். ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது முறை கதவு திறந்தபோது பன்னிரண்டு ஊசிகளும் அவரைக் கொஞ்சமும் சட்டை செய்யாமல் பன்னிரண்டு சிங்கங்களுக்கு மீசை வைத்துக்கொண்டிருந்தன.

"அத்தான், தலை சுத்தலையா?"

"சுத்துது."

"மெஷினுக்குச் சுத்தல. ஆனா ஒண்ணு. நீங்க ஆறு தடவை கிளம்பினீங்க. லைட் ஆறு தடவை கண்ணடிச்சுது. அக்கா ஆறு தடவையும் எழுந்து ஓடினாங்க, நான்தான் நிறுத்தவிடல."

முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சூப்பர்வைசர் அம்மா சொன்னார்: "சரக்கு ஏத்தும்போது லிஃப்ட் தினம் பத்துத் தடவை போகும் சார். கண்ணடிக்கும், ஆனா நிக்காது. நீங்க அதைக் கேக்கல."

மணி மூன்றேகால். முக்கால் படிக்கட்டில் உட்கார்ந்தார். லிஃப்ட் இல்லை. மெக்கானிக் வந்தால் நிற்கவில்லை, எலக்ட்ரீஷியன் வந்தால் நிற்கவில்லை, தான் ஆறு முறை வந்தும் நிற்கவில்லை. முதலாளி வந்தால் மட்டும் நிற்கிறது. ஒருவேளை அந்த மனிதரின் கால் ராசிதானோ என்றுகூட ஒரு கணம் நினைத்துவிட்டு, அதை நோட்டில் எழுதாமல் இருக்கும் அளவுக்குத் தனக்கு இன்னும் புத்தி மிச்சம் இருப்பதில் ஆறுதல் அடைந்தார்.

"கீழ வாட்ச்மேனைக் கேட்டீங்களா?" என்றாள் மச்சினி.

"என்ன கேக்கறது?"

"ஆறு தடவை போய் வந்தீங்களே, ஒரு தடவையாவது எழுந்து நின்னானா?"

"இல்ல. பேப்பர் படிச்சிட்டிருந்தான்."

"முதலாளி வந்தாலும் பேப்பர்தான் படிப்பானா?"

முக்கால் எழுந்து நின்றார்.

வாட்ச்மேனுடைய அறை பெரிய இரும்புக் கேட்டை ஒட்டியிருந்தது. சுவரில் பலகை ஒன்று. அதில் நெருக்கமாக மூன்று ஸ்விட்சுகள்.

"முதலாளி வரும்போது நீங்க என்னென்ன செய்வீங்க?" என்று கேட்டார் முக்கால்.

வாட்ச்மேன் பேப்பரை மடித்தார். இந்தக் கேள்விக்காகவே பல வருடம் காத்திருந்தவர்போல நெஞ்சை நிமிர்த்தினார். "தெருமுனையில ஹார்ன் அடிப்பாரு. அடிச்சதும் மேல நிக்கற லிஃப்டைக் கீழ வரவழைப்பேன். அது வந்துகிட்டே இருக்கும்போது கார் கேட்டுக்கு வந்துடும். ஒரே தட்டு! கேட் திறக்கற மோட்டார், மேல அவர் ரூம் ஏசி, கார் கழுவத் தண்ணி மோட்டார். மூணும் ஒண்ணா கிளம்பும்." உள்ளங்கையை விரித்துக் காட்டினார். "தனித்தனியா போட்டா நேரம் ஆகும். நான் ஒரே கையால போடுவேன். பழக்கம் வேணும், எல்லாராலயும் முடியாது."

"ஏசி ஸ்விட்ச் எப்பவுமே இங்கதான் இருக்கா?"

"இல்லீங்க. முன்னல்லாம் அவரே மேல போய்ப் போட்டுக்குவாரு. வந்து உக்காரும்போதே குளுகுளுன்னு இருக்கணும்னு எலக்ட்ரீஷியனை வச்சு இங்க இழுத்துட்டாரு. மூணு வாரம் ஆச்சு."

முக்கால் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். "நான் வந்தப்ப ஏன் இதெல்லாம் போடல?"

வாட்ச்மேன் அவரை மேலும் கீழும் பார்த்தார். கேட்ட கேள்வியில் இருந்த ஏக்கம் அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"நீங்க முதலாளி இல்லையேய்யா. பஸ்ல வர்றவங்க சின்னக் கதவைத் தள்ளிக்கிட்டு வரவேண்டியதுதானே?"

மச்சினி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. "பைக்ல வந்த மெக்கானிக்குக்கும் அதே கதவு," என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "ஸ்கூட்டர்ல வந்த எலக்ட்ரீஷியனுக்கும் அதே கதவு. அத்தான், மெஷினைக் கொல்றது மரியாதை. உங்களுக்கு அது இல்லாததுனால மெஷின் பிழைச்சுது!"

தொழிலில் எத்தனையோ துப்பு கிடைத்திருக்கிறது. தனக்கு யாரும் மதிப்புக் கொடுப்பதில்லை என்பதே துப்பாக வந்தது இப்போதுதான்.

மணி நான்கடிக்க ஐந்து நிமிடம். முக்கால் மேலே ஓடினார். சூப்பர்வைசர் அம்மாவிடம் வேகமாகச் சொன்னார். அந்தம்மா இந்தத் தடவை துணியைக் கீழே வைத்தார்.

"இப்ப ஓடறது கடைசிக்கு முந்தின பன்னிரண்டு. அது முடிஞ்சதும் கழிவுத் துணி மாட்டி ஓட விடறேன். நீங்க தப்பா இருந்தா?"

"தப்பாதான் இருப்பேன்," என்றார் முக்கால் உண்மையாகவே. "ஆனா இது நான் கண்டுபிடிச்சதில்ல. மச்சினி கண்டுபிடிச்சது."

"அப்ப சரி," என்றார் அந்தம்மா.

தெருமுனையில் ஹார்ன் கேட்டபோது முக்கால் கீழே வந்துவிட்டிருந்தார். வாட்ச்மேனின் கை தானாக உயர்ந்தது. மச்சினி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கார் கேட்டுக்கு வந்தது. கேட் திறக்கவில்லை. ஹார்ன் மறுபடி அடித்தது. வாட்ச்மேனின் கண்களில் நீர் முட்டியது. "இருபத்திரண்டு வருஷம்மா," என்றார். "ஒருநாள்கூட இப்படி..."

முக்கால் சின்னக் கதவு வழியாக வெளியே போய்க் குனிந்தார். "சார், காரை இங்கயே விட்டுட்டு இந்த வழியா வாங்க. ஆதாரம் மேல இருக்கு."

"லிஃப்ட்?"

"இன்னிக்கு ஒருநாள் படி ஏறுங்க."

முதல் மாடியில் முதலாளி திட்டினார். இரண்டாவது மாடியில் திட்டுவதற்கு மூச்சு இல்லை. மூன்றாவது மாடியில் கூடத்துக்குள் காலை வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஊசிகளும் தடதடவென்று இறங்கி ஏறின. சூப்பர்வைசர் அம்மா மறுகோடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்று வாரத்தில் தன்னுடைய மெஷின் ஓடுவதை முதலாளி கண்ணால் பார்ப்பது இதுவே முதல் முறை.

"அவங்க அங்கயே இருக்கட்டும். நீங்க மெஷினைப் பாருங்க," என்றார் முக்கால். கைபேசியில் மச்சினியைக் கூப்பிட்டார். "ஆரம்பிக்கச் சொல்லு."

"ஹார்ன் கேக்காம கை வரமாட்டேங்குதாம் அத்தான். பழக்கமாம். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், நீங்களே அடிங்க."

முக்கால் முதலாளியைப் பார்த்தார். கூடத்தில் இருந்த பதினான்கு பேரையும் பார்த்தார். தொழில் வாழ்க்கையின் உச்சக்கட்டத்தில் மனிதன் எப்படியெல்லாம் நிற்க ஆசைப்படுவான் என்று ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு, கைபேசியை வாயருகே வைத்துக்கொண்டார்.

"பாம்! பாம்!"

லைட் கண்ணடித்தது.

ஐந்து எண்ணினார். எட்டு. பத்து. கீழே கேட் நகரும் ஓசை. முதலாளியின் அறைக்குள் ஏசி ஒரு உறுமல் உறுமியது. டியூப் லைட் மங்கி மீண்டது. பன்னிரண்டு ஊசிகளும் துணிக்குள் குத்தியபடியே செத்துப்போயின. மெஷினுக்குப் பக்கத்தில் ஆளே இல்லை.

முதலாளி மெஷினை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார்.

"அப்ப..." என்றார் முதலாளி. "அப்ப நான் வர்றதுனாலதான் நிக்குதா? என் கால் ராசி..."

கைபேசியை வாட்ச்மேனிடமே விட்டுவிட்டு மூன்று மாடியையும் ஓடி ஏறி வந்த மச்சினி மூச்சிரைக்க உள்ளே நுழைந்தாள். "ராசி இல்லீங்க சார். உங்களுக்குக் குடுக்கற மரியாதையை இந்தக் கட்டடத்துக் கரண்ட் தாங்கல. லிஃப்ட், கேட், ஏசி, தண்ணி மோட்டார், எல்லாம் இந்த மெஷின் இருக்கற அதே லைன்ல. ஒண்ணொண்ணா கிளம்பினா பரவாயில்ல. மொத்தமா கிளம்பினா கண்ணிமைக்கற நேரம் வோல்டேஜ் படுத்துடும். ஃபேனுக்கு அது தெரியவே தெரியாது. மெஷினுக்குள்ள இருக்கற கம்ப்யூட்டருக்கு மயக்கம் வந்துடும். சாதாரண ஆளு வந்தா இதெல்லாம் நடக்காது சார். எங்க அத்தான் ஆறு தடவை வந்தாரு, ஒண்ணும் ஆகல."

முதலாளியின் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. "தாங்கலையா?" என்றார். "கட்டடமே தாங்கலையா?"

"தாங்கல சார்."

இதே உண்மையைத்தான் சூப்பர்வைசர் அம்மாவும் அன்றைக்குச் சொல்லியிருந்தார். அதற்குக் கிடைத்தது கடிதம். முக்கால் இதை நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்தம்மா மெதுவாக நடந்து வந்து முதலாளியின் எதிரே நின்றார். கையை நீட்டினார்.

"கடிதத்தைக் குடுங்க சார்."

முதலாளி தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். அந்தம்மா அதைப் பிரித்துப் படித்தார். 'மெஷினை வேண்டுமென்றே' என்ற இடத்தில் கண் சற்று நின்றது. பிறகு நான்காகக் கிழித்து, மூக்கு நகர்ந்த சிங்கங்கள் கிடந்த கூடையில் போட்டார்.

"மெஷினுக்குத் தனி லைன் வேணும். போடற வரைக்கும் நீங்க படியிலதான் வரணும்."

"தினமுமா?"

"நாலு தடவை வரவேண்டிய அவசியம் இப்ப இல்லையே சார். ஒரு தடவை வாங்க, போதும்."

முதலாளி சரி என்று தலையாட்டினார். அந்தம்மா கழிவுத் துணியைக் கழற்றிவிட்டுக் கடைசிப் பன்னிரண்டுக்கான துணியை மாட்டினார். தன் நாற்காலியை இழுத்து மெஷினுக்குப் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்.

முக்காலும் மச்சினியும் படியிறங்கினார்கள். சின்னக் கதவுக்கு வந்தபோதுதான் முக்கால் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

"மூக்குக்கண்ணாடி. மேலயே வச்சிட்டேன்."

வாட்ச்மேன் விறைப்பாக எழுந்தார். மேலே நடந்தது முழுவதும் ஸ்பீக்கர் வழியாக அவர் காதுக்கு வந்திருந்தது. சூப்பர்வைசர் அம்மாவின் வேலையைக் காப்பாற்றிய மனிதரை இப்போது வேறு கண்ணால் பார்த்தார். "நீங்க ஏன்யா படி ஏறணும்?" என்று மேலே போயிருந்த லிஃப்டைக் கூப்பிட்டார். காலைச் சேர்த்து வைத்து ஒரு சல்யூட் அடித்தார். சோதனை முடிந்ததும் அணைத்துவைத்திருந்த ஸ்விட்சுகள்மேல் உள்ளங்கை விரிந்தது. ஒரே தட்டு.

பெரிய இரும்புக் கேட் முக்காலுக்காகத் திறந்தது. அவருக்கு நெஞ்சு விம்மியது. அது முழுதாக விம்மி முடித்த பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது.

"ஐயோ!"

மேலே தடதடச் சத்தம் நின்றது.

"முதலாளிக்குத்தான் வேணாம்னாங்க," என்றார் வாட்ச்மேன் வெலவெலத்துப்போய். "உங்களுக்கு வேணாம்னு யாரும் சொல்லலையேய்யா."

மூன்றாவது மாடி ஜன்னல் திறந்தது. சூப்பர்வைசர் அம்மாவின் தலை வெளியே வந்தது.

"சிங்கம் பிழைச்சுது! பக்கத்துலயே இருந்தேன், நிறுத்திட்டேன்! கண்ணாடியை நானே கொண்டுவந்து தர்றேன், தயவுசெஞ்சு நீங்க யாரும் வராதீங்க!"

ஜன்னல் மூடியது. சற்றுப் பொறுத்து மெஷின் விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்கியது.

"அத்தான், உங்களுக்குக் கிடைச்ச முதல் மரியாதை," என்றாள் மச்சினி. "எப்படி இருந்துச்சு?"

முக்கால் திறந்த கேட்டைப் பார்த்தார். வெளியே போவதற்குச் சின்னக் கதவைத்தான் தள்ளினார்.

"நல்லாத்தான் இருந்துச்சு," என்றார்.